நோயாளியின் கடமை

தமக்கு வந்த நன்மைக்குத் தம் ஆற்றலையும், தமக்கு வந்த தீமைக்குப் பிறர் குற்றத்தையும் காரணமாகக் காட்டுதல் மாந்தர் இயல்பு. வியாபாரத்தில் இலாபம் கண்டவன் தன் அறிவை மெச்சிக்கொள்கிறான்; நட்டம் கண்டவன் கூட்டாளியை வைகிறான். பரீட்சையில் தேறிய மாணவன் தன் உழைப்பைச் சொல்கிறான். தவறியவன் உபாத்தியாயரைச் சொல்கிறான். இவ்வியல்பை வேறிடங்களில் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். நோய்ப்படுக்கையில் மட்டும் இது கூடாது. வியாபாரத்திலே பழியைப் பிறர்மேல் போட்டவனுக்குப் பணம் மாத்திரமே போகும். நோயிலே பழியைப் பிறர்மேல் போட்டவனுக்கு அவயவம் போகும், சில சமயம் உயிரும் போகும்.

இதனை நான் நூல்களிற் படித்துக் கூறவில்லை. இடது காலில் ஒரு விரல் இழந்தவனாக இருந்து கூறுகிறேன். அவ்விரல் எவ்வாறு போயிற்று, எஞ்சிய ஒன்பது விரல்கள் எவ்வாறு தப்பின என்பதை இங்கே எழுத முற்படுகிறேன். பெருமை பேசும் நோக்கம் எனக்கில்லை. பேசுதற்குரிய பெருமை இதில் அதிகமும் இல்லை. என்னைப் போன்றவர் நம்மவரிடையே மிகப் பலர் என்பதனாலேயே எழுதுகிறேன்.

அன்னையின் கால்

நான் 1964-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தேன். என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நாள்தோறும் நானூறு ஐந்நூறு மரங்களுக்குக் கத்தி போட்டு, பால் வாளியைச் சுமந்து, உச்சிப்பொழுதில் லயத்துக்குத் திரும்புவார். அவ்வளவு நடந்து உழைத்த உடம்புக்கும் இனிப்புநீர் வந்தது. நடக்கிறவனுக்கு அந்நோய் வாராது என்று எண்ணுவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

அவர் காலிலே காயம் எவ்வாறு பட்டது என்பது அவருக்கே தெரியாது. காட்டு முள்ளோ, உடைந்த மங்கின் சில்லோ, அறியோம். மஞ்சளை அரைத்து வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அழைத்தபோதெல்லாம், "வலி இல்லை, ஐயா, வலித்தால் அல்லவா போகவேண்டும்? ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே" என்பார். 1988-இல் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குப்பின் இரண்டு ஆண்டுகள் லயத்து வாசற்படியில் அமர்ந்து, பிறர் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்து மறைந்தார்.

துக்கத்துக்கு வந்தவர் அனைவரும், "அவள் தலையெழுத்து" என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். எனக்கு அப்பொழுது வயது 26. அத்துக்க வீட்டிலே நான் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டேன். இந்நோய் இரத்த வழியாக வருவது என்பது ஒன்று. வந்தால் தடுக்க இயலாது என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். அப்பொய் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

பழியின் பட்டியல்

2008-ஆம் ஆண்டில், என் 44-ஆம் வயதில், எனக்கும் அந்நோய் இருப்பதாக அரசாங்க மருந்தகத்தில் கூறினார்கள். நான் அப்பொழுது கிள்ளானில் ஒரு சரக்கு லாரிக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மெட்ஃபார்மின் என்னும் மாத்திரையைக் கொடுத்து, உணவு முறையைச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமாறு பணித்தார்கள். கட்டணமோ ஒரு வெள்ளி. இதனினும் எளிதாக ஒருவனுக்கு மருத்துவம் கிடைப்பது அரிது.

நான் செய்தது யாது? முதல் ஓராண்டு ஒழுங்காக இருந்தேன். உடம்பிலே யாதொரு தொல்லையும் தெரியாமையால் மாத்திரையை ஒருவேளை விட்டேன்; பிறகு ஒரு நாள் விட்டேன்; பிறகு ஒரு வாரம் விட்டேன். நகரத்தில் ஒருவர் விற்ற வேர்ப்பொடியை நம்பி, ஆறு மாதம் மாத்திரையையே தொடவில்லை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என நாள்தோறும் மூன்று கோப்பை தே தாரிக் குடித்தேன். அதிலே ஊற்றும் டின் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி என்பதை நான் அறியாதவனல்லன், அறிய விரும்பாதவன்.

இரத்தத்தில் சீனி ஏறியபொழுதெல்லாம் காரணம் கூற எனக்கு ஆள்கள் இருந்தார்கள். சோற்றை அதிகமாக வைத்தவள் மனைவி. நேரத்துக்கு உண்ணவிடாதவர் முதலாளி. விருந்துக்கு வற்புறுத்தியவர் நண்பர். பத்து நிமிடத்தில் பேசி அனுப்பியவர் டாக்டர். இவர்களில் யாரும் அகப்படாத நாளில், இருக்கவே இருந்தார் என் அன்னை. அவர் வழி வந்த நோய் என்று சொல்லிவிட்டால் கேள்விக்கு இடமே இல்லை. பதினொரு ஆண்டுகள் இந்தப் பட்டியலை நான் பிழையின்றி எழுதிவந்தேன். அதில் என் பெயர் மட்டும் ஒரு நாளும் இடம்பெறவில்லை.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து, வாசலிலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நேரே அடுக்களைக்குச் சென்று தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தால், கழுவித் துடைத்த தரையிலே வரிசையாகச் செங்கறைகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதைக் கொட்டி வைத்திருக்கிறாய்? தரையைத் துடைக்கக்கூட இந்த வீட்டில் நேரமில்லையா?" என்று என் துணைவியைக் கடிந்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. குனிந்து அக்கறையைப் பார்த்தார். என்னை நாற்காலியில் அமர்த்தினார். என் இடது பாதத்தைத் தூக்கி, தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, இது உங்கள் கால்" என்றார்.

கிடங்கிலே கிடந்த மரப்பெட்டியின் ஆணி ஒன்று சப்பாத்தின் அடியைத் துளைத்து, இரண்டாம் விரலின் கீழே பதிந்திருந்தது. காலை முதல் மாலை வரை அந்த ஆணியின்மேல் நடந்திருக்கிறேன். ஒரு சிறிதும் நோகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் அன்னை கூறிய 'வலி இல்லை, ஐயா' என்ற சொல்லின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அது ஆறுதற்சொல் அன்று, அபாயச் சங்கு.

விளங்கியும் திருந்தினேனா என்றால் இல்லை. அருகிலிருந்த தனியார் கிளினிக்குக்குப் போனேன். களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாளில் விரல் கறுத்தது, நாற்றம் எழுந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, சீழ் எலும்புவரை இறங்கிவிட்டது என்றார்கள். நவம்பர் மாதத்தில் விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, என்னைக் காண வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கிளினிக் டாக்டரின் கவனக்குறைவைப் பற்றிப் பேசினேன். புகார் எழுதப்போவதாகவும் சொன்னேன். ஆனால் ஒரு செய்தியை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை. 'இரண்டு நாளில் கட்டாயம் திரும்ப வந்து காட்டுங்கள்' என்று அவர் கூறியிருந்தார். நான் போகவில்லை. இதனை எழுத இத்தனை ஆண்டுகள் ஆயின.

நாற்பது நிமிடம்

அவ்வார்டிலே தமிழ்ப் பெண் ஒருவர் தாதியாக இருந்தார்; என் மகள் வயது. ஒரு நாள் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கையில், நான் வழக்கம்போல டாக்டர்களைக் குறைகூறத் தொடங்கினேன். அவர் கை நிற்கவில்லை, முகமும் மாறவில்லை. "அங்கிள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் வருகிறீர்கள். பத்து நிமிடம் பார்க்கிறோம். மற்ற நேரமெல்லாம் இந்தக் காலோடு இருப்பது யார்?" என்றார்.

அவர் சென்றபின் நான் கணக்குப் போட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்குப் பத்து நிமிடம்: 40 நிமிடம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. அதாவது 5,25,600 நிமிடம். இதில் 40-ஐக் கழித்தால் எஞ்சுவது 5,25,560. அவ்வளவு நேரமும் என் உடம்புக்கு மருத்துவன் நானே. நாற்பது நிமிட ஊழியனைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஐந்து இலட்சம் நிமிட ஊழியன் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருக்கிறான்! என் முதலாளியின் கணக்கில் இவ்வளவு பெரிய புரட்டை எவனாவது செய்திருந்தால் நான் அரைமணியில் பிடித்திருப்பேன்.

அன்று முதல் நோயைப் பற்றி அறியவேண்டும் என்ற ஆசை பிறந்தது. கேட்டும் படித்தும் அறிந்தவற்றுள் என்னை மிகவும் ஆட்கொண்டது வலியைப் பற்றிய உண்மை. நெடுநாள் சீனி மிகுந்த இரத்தம் நரம்புகளைக் கெடுக்கிறது. உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்வன. ஆதலின் முதலில் கெடுவன அவையே. கால் மரத்துப் போகிறது. நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அழுத்திச் சோதிக்கிறார்கள். பத்து கிராம் பாரத்தில் அவ்விழை வளையும். அதனை உணராதவனின் கால் காவலில்லாத கால்.

இதனை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1914-இல் நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் ஆங்கிலப் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்தவர். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணி செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் எல்லோரும் எண்ணினர். அவர் கூர்ந்து நோக்கி, அது பிழை என்று கண்டார். நோய் கொல்வது உணர்ச்சியை. உணர்ச்சி செத்தபின், சூட்டிலும் முள்ளிலும் கூரிய கருவியிலும் தாமறியாது பட்டுப்பட்டு நோயாளரே தம் கைகால்களை அழித்துக்கொள்கின்றனர் என்று மெய்ப்பித்தார். உறங்கும்போது எலிகள் விரலைக் கடிப்பதைக்கூட அவர்கள் உணராமை கண்டு, வீடு திரும்பும் நோயாளர் பூனை கொண்டுபோகும்படி ஏற்பாடு செய்தார். பின்னர் 1966-இல் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, அங்கே நீரிழிவுக்காரரின் கால்களுக்கும் இதே உண்மை பொருந்துவதை எடுத்துக்காட்டினார். 2003-இல் அவர் மறைந்தார்.

வலியை நாம் பகையாக எண்ணுகிறோம், அது காவற்காரன். காவற்காரன் இறந்த வீட்டில், வீட்டுக்காரனே இராக்காவல் செய்ய வேண்டும். விரலை இழந்தபின் எனக்கு எட்டிய இந்த அறிவு, பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே மருந்தகச் சுவரில் படத்துடன் ஒட்டப்பட்டிருந்தது. அதன் அடியிலிருந்த விசுப்பலகையில் அமர்ந்துதான் நான் என் முறைக்காகக் காத்திருப்பேன்.

பதினான்கு எட்டு

வீட்டுக்கு அனுப்பும்பொழுது இரண்டு அக்குள் கோல்களும், பாதத்தின் முன்பாகம் தரையில் படாதவாறு அமைந்த ஒரு செருப்பும் கொடுத்தார்கள். புண் ஆறும்வரை இடது காலில் பாரம் படக்கூடாது, நடப்பதையே குறைக்கவேண்டும், அச்செருப்பின்றி ஓர் எட்டும் வைக்கக்கூடாது. மருந்தைவிட இதுவே முக்கியம் என்றார்கள். இனிப்புநீர்க்காரன் நடக்கவேண்டும் என்பது பொதுவிதி. புண்பட்ட காலுடையவன் நடக்கக்கூடாது என்பது சிறப்புவிதி. எந்தக் காலத்தில் எது கடமை என்று அறிவதும் நோயாளியின் பொறுப்பே.

எளிதான கட்டளை என்றே எண்ணினேன். வாசகர்களே, வலிக்காத காலை ஓய்வாக வைத்திருத்தல் எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். வலிக்கிற காலைத் தூக்கி வைக்கும்படி எவரும் சொல்லவேண்டியதில்லை. வலியாத காலோ, 'நட, நட' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினான்கு எட்டு. இதற்காக அந்தச் செருப்பை மாட்டிக் கட்டி, கோல்களை எடுத்து ஊன்றிப் போவதா? வெறுங்காலோடு போய் வந்தேன். கட்டுத் துணி மேலே இருந்தமையால் அதனை ஒரு குற்றமாகவே கருதவில்லை.

மூன்றாம் வாரம் புண்ணை அளந்த தாதி சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பெரிதாகியிருக்கிறது. நடந்தீர்களா, அங்கிள்?" என்றார். "இல்லை" என்றேன். அவர் என் துணைவியின் முகத்தைப் பார்த்தார். துணைவியார் தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, பொய்க்குத் துணைபோகவும் மனமில்லை. தம் குற்றமல்லாத ஒன்றுக்கு ஒரு பெண் இவ்வாறு தலைகுனிந்து நிற்பதைக் கண்டபின்னும் வாய் திறவாதவன் மனிதனல்லன். "நடந்தேன், அம்மா. குளியலறைக்கு மட்டும்" என்றேன்.

"மட்டும்" என்பதன் அளவு எவ்வளவு? அன்றிரவு அதனையும் கணக்கிட்டேன். போக 14, வர 14: ஒருமுறைக்கு 28. நாளொன்றுக்கு ஆறுமுறை: 168. வாரத்துக்கு 1,176. அதில் பாதி இடது காலுக்கு: 588. வாரந்தோறும் 588 தடவை என் உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தப் பச்சைப் புண்ணின்மேல் இறக்கியிருக்கிறேன். ஆணி செய்தது ஒரு நாள் வேலை. நான் செய்தது மூன்று வார வேலை. அடுத்த விரலும் சிவந்திருந்தது. "இனியும் இப்படியானால் பாதத்தையே பார்க்க வேண்டிவரும்" என்று சர்ஜன் கூறிவிட்டார். என் அன்னை அமர்ந்திருந்த வாசற்படி என் கண்முன் வந்தது.

மறுநாள் ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிவரச் செய்து கோடு போட்டேன். தேதி, காலையில் சீனியின் அளவு, உண்டது, மாத்திரை, வைத்த எட்டுகள், இரவில் பாதத்தைப் பார்த்த குறிப்பு. கடைசியில் 'காரணம்' என்று ஒரு பத்தியும் போட்டேன். ஒரு வாரம் சென்று பார்த்தால், மற்றப் பத்திகளைவிட அந்தப் பத்தியே நிறைந்திருந்தது. 'மைத்துனர் பலகாரம் கொண்டுவந்தார்', 'மழை', 'சோறு குழைந்துவிட்டது'. பழைய பட்டியல் புதுப் புத்தகத்தில் ஏறிவிட்டது! அப்பத்தியின்மேல் குறுக்கே கோடிழுத்தேன். சீனி ஏறினால் ஏறிற்று என்று மட்டும் எழுதவேண்டும். நாளை நான் செய்யப்போவது யாது என்பதை அதன் கீழே எழுதவேண்டும். பிறர் பெயர் எழுத இடமில்லாத புத்தகமாக அதனை ஆக்கிக்கொண்டேன்.

அடுக்களையில் ஒரு மன்னிப்பு

துணைவியார்க்கும் எனக்கும் இடையே ஒரு கணக்குத் தீரவேண்டியிருந்தது. பதினொரு ஆண்டுகளாக என் மாத்திரையை எடுத்து வைப்பது அவர் வேலை. மறந்தால் ஏச்சு வாங்குவதும் அவர் வேலை. சோறு குறைந்தால் 'பட்டினி போடுகிறாய்' என்பேன். சீனி கூடினால் 'நீ வைத்த சோறு' என்பேன். நோய் எனது, பொறுப்பு அவரது, இதுவே எங்கள் வீட்டுச் சட்டம். பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசுவாரைக் கைதட்டி வரவேற்றவன்தான் நானும். என் அடுக்களையில் அவ்வுரிமை எந்த அளவில் இருந்தது என்பதை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

ஒரு நாள் அவர் அரிசி களைந்துகொண்டிருக்கையில், "அன்று தரைக்கறைக்காக உன்னை ஏசினேன். இத்தனை நாளும் என் நோய்க்காக உன்னை ஏசினேன். அது தவறு" என்றேன். அவர் அரிசியைக் களைந்துகொண்டே, "மாத்திரைப் பெட்டி உங்கள் மேசையில் இருக்கிறது. இனி நான் தொடமாட்டேன்" என்றார். அதுவே அவர் தந்த மன்னிப்பு. ஒரு குவளையைக் காட்டி, "உங்கள் சோற்றை நீங்களே அளந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார். அன்று முதல் இன்றுவரை நானே அளக்கிறேன். தேநீர்க் கடையிலும் 'தே ஓ கோசோங்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். முதல் ஒரு மாதம் அது கஷாயம் போலிருந்தது. இப்பொழுது தேயிலையின் மணம் தெரிகிறது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் புண் மூடியது. அம்மாதம் 18-ஆம் தேதி, கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மருந்தகத்தில் என் முறையைத் தள்ளிவைத்தார்கள். ஆண்டுக்கு நாற்பது நிமிடம் என்றேனே, அதுவும் சில மாதங்களுக்கு இல்லாமற் போயிற்று. மாத்திரை மட்டும் தவறாது கிடைத்தது. முன்னைய மனிதனாக இருந்திருந்தால் அது எனக்கு ஆகச் சிறந்த சாக்கு. இம்முறை விரல்நுனியில் ஊசி குத்திச் சோதிக்கும் சிறு கருவியும் கணக்குப் புத்தகமும் இருந்தன. புண் மூடிய காலைச் சில வாரம் பழக்கியபின், தக்க சப்பாத்து அணிந்து, வீட்டின் முன்கூடத்திலேயே காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் எனத் தொடங்கி நடந்தேன்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதில் படிந்த சீனியை அளந்தால் சென்ற மாதங்களின் நடத்தை தெரிந்துவிடும். முதல்நாள் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற முடியாது. விரல் எடுத்தபோது அது எனக்கு 11.4 விழுக்காடு. 2020 முடிவில் 7.1. தீபாவளிப் பலகாரத்துக்குப்பின் ஒருமுறை 7.9 ஆயிற்று; அதனையும் எழுதி வைத்திருக்கிறேன். வழுக்காமல் ஏறினேன் என்று சொல்ல நான் வரவில்லை. வழுக்கியதை எழுதிவிட்டு மறுநாள் ஏறினேன் என்பதே என் கதை.

பொறுப்பு வேறு, பழி வேறு

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'நோய்க்கு நோயாளியே பொறுப்பு என்றால், ஏழைத் தொழிலாளியை மேலும் வதைப்பதாகாதா?' என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன். நோயுற்றவனை அவர் முதலிலே வைத்தார். என் அன்னையை நினைத்துப் பார்க்கிறேன். மருத்துவன் தொலைவில், மருந்து பற்றிச் சொல்வார் இல்லை, உடனிருந்த நானோ அறியாதவன், ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்று கூறும் குறைந்திருக்கையில் முதற்கூறாகிய அவரைக் குற்றஞ்சாட்டுதல் அநீதி. அவர் காலை இழந்தது தலையெழுத்தினாலும் அன்று, தம் குற்றத்தாலும் அன்று. எனக்கோ மூன்று கூறும் நிறைந்திருந்தன. முதற்கூறு ஒன்றே இல்லை. எங்கள் இருவர் நோயும் ஒன்று, நியாயம் வேறு.

எனவே அந்த மூன்று கூறுகளும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிட்டும்படி சமூகமும் அரசாங்கமும் சங்கங்களும் செய்தல் வேண்டும். அதனை நாம் கேட்டுப் பெறவும் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் நாட்டளவில் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரில் நூற்றுக்கு 31.4 பேருக்கு இருந்தது. நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். இந்த எண்களைக் கண்டு ஒரு சமூகம் உறங்கலாகாது. ஆயினும், சமூகம் விழிக்கும் வரை நான் உறங்குவேன் என்பது வாதமன்று. சமூகம் மருந்தகத்தைக் கட்டித் தரலாம். என் வாயைக் கட்டித் தர இயலாது.

பழி நேற்றைய நாளைப் பற்றியது. பொறுப்பு இன்றைய நாளைப் பற்றியது. 'எவன் செய்தான்?' என்று பழி கேட்கும். 'இனி என்ன செய்வாய்?' என்று பொறுப்பு கேட்கும். என்னையே நான் பழித்துக்கொண்டு மூலையில் அழுதிருந்தாலும் புண் ஆறியிராது; அதுவும் ஒருவகைச் சோம்பலே.

அன்பர்களே, நீண்ட உபதேசம் செய்ய நான் தகுதியுடையவனல்லன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இனிப்புநீர் இருக்குமாயின், இன்றிரவு உறங்குமுன் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாகம் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். விரலிடுக்கைப் பாருங்கள். சப்பாத்தை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். சிறு கொப்புளமாயினும், வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், வலியாததே அஞ்சத்தக்கது. மறுநாளே கொண்டுபோய்க் காட்டுங்கள். திரும்ப வரச்சொன்ன நாளில் திரும்பப் போங்கள்.

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு நான் கண்ணாடியை எடுப்பேன். என் பேரன் கைவிளக்கைப் பிடிப்பான். அவனுக்கு அது விளையாட்டு. "தாத்தா, ஒன்பது விரலும் இருக்கிறது" என்று எண்ணிச் சொல்வான். நான் புத்தகத்தை எடுத்துத் தேதி போட்டு அதனைப் பதிவேன். நேற்றும் பதிந்தேன். இன்றைய பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.